பச்சைக் கல் தின்ற கெளுத்திகள்

நான் ஏழாவது படித்த வருடத்து மழைக்காலம். அன்றன்றைக்கே நோட்டில் எழுதி வைத்ததால் வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு, தோல்பைப் பட்டறையில் வேலை செய்த மாமா, உம்மாவின் தம்பி, ஒரு சனிக்கிழமை ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி கொண்டுவந்தார். மணலைப் பதினோரு முறை அலசினோம். ரிப்பன் போன்ற நீர்ச்செடிகளை நட்டு, ஏழு கற்கள் வைத்து, குழாயில் பிடித்துவைத்து மருந்து வாடை போன தண்ணீரை ஊற்றினோம்.

"மீன் எப்ப மாமா?"

"பொறுட்டி. மொதல்ல பாசி புடிக்கட்டும். இது பாசி தின்னுத கெளுத்தி."

"அழுக்கு வளக்கதுக்கு ஒரு பொட்டி, அதுக்கு லைட்டு வேறயாக்கும்!" என்றார் உம்மா.

மூன்று வாரத்தில் கண்ணாடியும் கற்களும் பச்சை பூத்தன. விரல் நீளம்கூட இல்லாத நான்கு கெளுத்திகள் வந்தன. விளக்கைப் போட்டால் சுவரில் செடிகளின் நிழல் அசையும். தகரக் கூரையில் பெய்யும் மழை, நாங்கள் அடியில் கிடக்கும் ஏதோ ஓர் ஆற்றின் மேல் பெய்வதாக நினைத்துக்கொள்வேன்.

பக்ரீத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தால், தொட்டி பளபளத்தது. உம்மா கண்ணாடியையும் கற்களையும் தேங்காய் நாரால் தேய்த்திருந்தார்.

"லாத்தா, அதுங்க சோத்துப் பானைய கழுவிக் கவுத்திட்டியே!" என்று அக்காவைப் பார்த்துத் தலையில் கைவைத்தார் மாமா.

"நான் என்னத்தக் கண்டேன்? பெருநா வருதேன்னு தேச்சேன்."

மாமா வெள்ளரித் துண்டை வேகவைத்துப் போட்டார். கெளுத்திகள் தொடவில்லை. வீடெல்லாம் கறி மணந்த பெருநாளில் அவற்றின் வயிறு ஒட்டிக் கிடந்தது. மறுநாள் ஒன்று செத்தது. உம்மா தட்டைப் பாதியில் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை காலை ஒரு கல் பச்சையாக இருந்தது. மூன்று கெளுத்திகளும் அதில் அப்பியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், அதே ஏழு கற்கள்தான். அதன்பின் தினமும் ஒரு கல் அப்படியே. "கற்கள் தாமாகப் பச்சையாகின்றன" என்று நோட்டில் எழுதினேன். அதைப் படித்த மாமா உம்மாவைப் பார்த்தார்.

"என்ன பாக்க? போய்க் குளி" என்றார் உம்மா.

ஒன்பதாவது நாள் மழை விட்டதும், துணி காயப்போட உம்மாவோடு கூரைக்கு ஏறினேன். தார்ப்பாய் பறக்காமலிருக்கச் சின்னதும் பெரிதுமாக வைத்திருந்த கற்களெல்லாம் பாசியேறிக் கிடந்தன. நடுவே தொட்டிக் கல் அளவில் ஒன்பது சின்னக் கற்கள் மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. கூரைக் கல்லைக்கூட விடாமல் தேய்த்துவைத்திருக்கிறாரே என்று உரக்கச் சிரித்தேன். உம்மா மறுக்கவில்லை.