மூன்றாவது முடிச்சும் எட்டாம் எண் குதிரையும்

எங்கள் அலுவலகத்தில் ஜனவரி மாத விடுமுறையைக் குதிரைதான் முடிவு செய்யும். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆக்லாந்துக்காரர்களோ ஆச்சரியமே படாமல், "எந்தக் குதிரை?" என்று கேட்பார்கள்.

ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு சரக்குக் கம்பெனி. முன்னால் பெரிய கிடங்கு, பின்னால் நாங்கள் கொஞ்சம் பேர் உட்காரும் அலுவலக அறை. ஜனவரி இங்கே நல்ல வெயில் காலம் என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடற்கரைக்குப் போக ஆசை வந்துவிடும். ஆனால் எங்கள் அறையிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் விடுமுறையில் போகலாம். சண்டை வராமலிருக்க எங்கள் மேனேஜர் அம்மாள் ஒரு வழி வைத்திருந்தார். நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய கோப்பைப் பந்தயம் நடக்கும். அதற்கு முந்தைய நாள், ஓடப்போகும் குதிரைகளின் எண்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டுக் குலுக்குவார். ஆளுக்கொரு சீட்டு. யாருடைய குதிரை முந்துகிறதோ அவருக்கு ஜனவரியில் பிடித்த நாட்கள். மற்றவர்களுக்கு மிச்சம் மீதி.

அந்த வருஷம் என் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். ஜனவரிக் கடைசியில் முகூர்த்தம். தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அவனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். "உனக்கு லீவு கிடைக்கலன்னா பரவாயில்ல, பெரியப்பா பொண்ணு போட்டுடுவா" என்று அம்மா போனில் சொன்னாள். பெரியப்பா பெண் அதற்குள் பட்டுப்புடவையே எடுத்துவிட்டாளாம். 

விடுமுறை விதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தால் எனக்கு அது சட்டம். சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தம்பி கல்யாணம் என்று போய் நின்றால், "உங்களுக்கு மொத்தம் எத்தனை தம்பி?" என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு என் விசா இந்தக் கம்பெனி வேலையை நம்பி நின்றது. ஆகவே வாயைத் திறக்காமல் குதிரையை நம்புவது என்று முடிவெடுத்தேன்.

தொப்பிக்குள் கைவிட்டேன். எட்டு வந்தது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். எட்டு சனி எண், வண்டிக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகாது என்பதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் தம்பி கல்யாண விஷயத்தில் எதற்கு வம்பு? சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பகுதியில் வேலை செய்யும் தாடிக்காரருக்கு ஐந்து வந்திருந்தது. சுவரில் குதிரைகளின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். எட்டுக்கு எதிரே நாலரை என்றும் ஐந்துக்கு எதிரே அறுபத்தொன்று என்றும் போட்டிருந்தது. பரீட்சை எழுதியே வளர்ந்தவளுக்கு எது பெரிய மார்க் என்று தெரியாதா? எட்டைக் கொடுத்து ஐந்தை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தாடிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நிச்சயமாகவா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் நிச்சயம் என்றேன். நல்ல மனுஷன், பாவம். ஆனால் ஜனவரிக் கடைசியில் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவேன் என்று ஆகஸ்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

மதியச் சாப்பாட்டின்போது சம்பளக் கணக்கு பார்க்கும் அக்காவிடம் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். அறையில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே துணை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உமக்கு விசரே? நாலரை எண்டால் அதுதான் வெல்லுமெண்டு எல்லாரும் காசு கட்டுற குதிரை. அறுபத்தொண்டு எண்டால் ஒருத்தரும் திரும்பியும் பாக்காத குதிரை."

"பெரிய நம்பர் நல்லதில்லையாக்கா?"

"வெண்டால் ஒரு டொலருக்கு அறுபத்தொண்டு குடுப்பினம். ஏன் குடுக்கினம்? அது வெல்லாதெண்டு தெரிஞ்சபடியால்தான்!"

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

"இது மட்டும்தான் தெரியும். மிச்சத்தைப் பின்னேரம் வீட்ட வாரும், ரெண்டு பேரும் சேர்ந்து படிப்பம்."

வீட்டுக்குப் போக ரானுயிக்கு ரயிலேற வேண்டியவள் அன்று ஹில்ஸ்பரோவில் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை டின்மேல் போனைச் சாய்த்து வைத்தோம். அன்று மாலை குதிரை ஓட்டம் எதுவும் இல்லை, நாய் ஓட்டம்தான் இருந்தது. இந்த நாட்டில் நாய்ப் பந்தயத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அது நிற்பதற்குள் நாங்கள் பாடம் படித்துவிட வேண்டும். பணயம் முறுக்கு.

ஒல்லி ஒல்லியாக நாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் சட்டை. முன்னால் கம்பியில் ஒரு பொய் முயல் ஓடும், அதைத் துரத்திக்கொண்டு அத்தனையும் பறக்கும். நாம் பெயரை வாசித்து முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அக்கா சிவப்புச் சட்டைமேல் 'வின்' கட்டினார். அது முதலில் வந்தால்தான் முறுக்கு. நான் மஞ்சள்மேல் 'பிளேஸ்' கட்டினேன். முதல் மூன்றுக்குள் வந்தாலே போதும், ஆனால் கிடைப்பது கொஞ்சம். 'ஈச் வே' என்றால் பாதியை வின்னிலும் பாதியைப் பிளேசிலும் போடுவது.

"உம்மட ஊர்ச் சனத்துக்கு ஏத்தது," என்றார் அக்கா. "மாப்பிள்ளை டொக்டரா வந்தாலும் சரி, எஞ்சினியரா வந்தாலும் சரி எண்டு இருப்பீங்கள்."

"உங்க ஊர்ல மட்டும் என்னவாம்?"

"நாங்கள் டொக்டரில மட்டும்தான் கட்டுவம். வின்!"

சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு எங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. 'ஸ்கிராட்சிங்' என்றால் கடைசி நேரத்தில் ஒரு குதிரையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவது. 'எமர்ஜென்சி' என்றால் அப்படி ஒன்று விலகினால் அதன் இடத்தில் ஓடத் தயாராகக் காத்திருக்கும் குதிரை. இதைப் படித்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"அக்கா! பெரியப்பா பொண்ணு!"

"ஓமப்பா! பட்டுச்சீலையோட நிக்கிற எமர்ஜென்சி!"

அக்காவின் மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எங்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தோம். இரண்டு மூக்கு ஒன்றாகக் கோட்டைத் தொட்டால் படத்தைப் பார்த்து முடிவு சொல்வது 'போட்டோ ஃபினிஷ்'. என் குதிரைக்குக் குறுக்கே வந்தான் என்று ஜாக்கி முறையிட்டால் 'புரொட்டெஸ்ட்'. கடைசியாக வந்தது 'கரெக்ட் வெயிட்'. பந்தயம் முடிந்ததும் ஜாக்கிகளை எடை போட்டுப் பார்ப்பார்களாம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் 'கரெக்ட் வெயிட்' என்று அறிவிப்பார்கள். அதுவரை எந்த முடிவும் முடிவில்லை. அதற்குப் பிறகு யார் அழுதாலும் மாறாது.

"பாத்தீரே," என்றார் அக்கா, "கடைசி வரைக்கும் நம்பலாம்." அவர் தட்டில் முறுக்கு குவிந்திருந்தது. என் தட்டில் உடைந்த துண்டுகள்தான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பந்தயம். வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் எல்லோரும் தொப்பி வைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது வழக்கம். பார்சலுக்குள் வைக்கும் குமிழ் பிளாஸ்டிக்கில் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் தொப்பி செய்திருந்தார்; தலையை ஆட்டினால் டப் டப் என்று வெடித்தது. அக்காவுக்கு வந்த குதிரை காலையிலேயே ஸ்கிராட்ச் ஆகியிருந்தது. "நல்லதாப் போச்சு, இனி முழுத் தொண்டையும் உமக்குத்தான்," என்றார்.

டிவி திரையில் தடுப்புக் கதவுகள் திறந்ததும் குதிரைகள் பாய்ந்தன. என் ஐந்து கடைசியில், காய்கறி வாங்கப் போகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. எட்டு முன்வரிசையில் சொகுசாக ஓடியது. தாடிக்காரர் ஒரு வாய் பியர் குடித்தார். எனக்கு அந்தக் குதிரையையும் பிடிக்கவில்லை, தாடியையும் பிடிக்கவில்லை, படகையும் பிடிக்கவில்லை.

கடைசி நேர்ப் பாதையில் திரும்பும்போது ஐந்துக்கு என்ன தோன்றியதோ, வெளிப்பக்கமாக வந்து ஒன்றைத் தாண்டியது. இன்னொன்றைத் தாண்டியது. வர்ணனையாளரே நம்ப முடியாமல் அதன் பெயரைக் கத்தினார். நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். அக்கா கீழே நின்று என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ஓடடா ராசா! ஓடடா!" என்று அலறினார். எங்களுக்கு எதற்கு இந்த வெறி என்று தெரியாமலே அறை முழுவதும் ஐந்துக்காகக் கத்தியது. தாடிக்காரர்கூடக் கத்தினார் என்று பிறகு சொன்னார்கள். எட்டும் ஐந்தும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின.

போட்டோ ஃபினிஷ்.

படம் வந்தது. எட்டின் மூக்கு முன்னால் இருந்தது.

"பொறும், பொறும்," என்றார் அக்கா. சரியாக அதே நேரத்தில் திரையில் புரொட்டெஸ்ட் என்று வந்தது. எட்டு குறுக்கே வந்ததாக ஐந்தின் ஜாக்கி முறையிட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த முகம் தெரியாத ஜாக்கியை வாழ்த்தித் துள்ளினோம். தொப்பிகள் படபடவென்று வெடித்தன. விசாரிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள், விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் முறையீடு தள்ளுபடி என்றார்கள். அடுத்த மூச்சில் "கரெக்ட் வெயிட்" என்று அறிவிப்பு வந்தது.

முந்தின நாள் படிக்காமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை எனக்குப் புரிந்திருக்காது. படித்துத் தொலைத்திருந்தேன். நாற்காலிமேல் நின்றபடியே, குமிழ் பிளாஸ்டிக் தொப்பியோடு, ஓவென்று அழுதேன்.

 மேனேஜர் அம்மாள் ஓடிவந்தார். நிறையப் பணம் கட்டித் தோற்றுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். தோளைத் தொட்டு, வெளியே யாரிடமாவது பந்தயம் கட்டினாயா என்று மெதுவாகக் கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன்; தொப்பி டப் என்று வெடித்தது. அக்காதான் ஆங்கிலத்தில் சொன்னார்: இவளுடைய தம்பிக்கு ஜனவரியில் கல்யாணம், தாலியின் இரண்டாவது, மூன்றாவது முடிச்சை இவள்தான் போட வேண்டும், ஐந்து தோற்றுவிட்டதால் இனிப் போக முடியாது.

மேனேஜர் அம்மாள் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையில் மாலையோடு நின்ற எட்டாம் எண்ணையும் பார்த்தார்.

"சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போக உனக்கு எதுக்குக் குதிரை?"

நான் அறிவிப்புப் பலகையைக் கைகாட்டினேன்.

"அது கடற்கரைக்குப் போறவங்களுக்கு! கல்யாணம், சாவு, பிரசவம், இதெல்லாமா நான் தொப்பிக்குள்ள போடுவேன்? என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. குதிரைகளிடம் கேட்டேன், நாய்களிடம் கேட்டேன், சனீஸ்வரனிடம்கூட மறைமுகமாகக் கேட்டுவைத்தேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷியிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. தாடிக்காரர் என்னை நாற்காலியிலிருந்து கைகொடுத்து இறக்கிவிட்டு, மீன் பிப்ரவரியிலும் கடலில்தான் இருக்கும் என்றார். அவருடைய தாடி உடனே எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஜனவரிக் கடைசியில் மண்டபத்தில் தம்பிக்குப் பின்னால் நின்றேன். முன்வரிசையில் பெரியப்பா பெண் முழுப் பட்டில், இன்னும் நம்பிக்கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலகினான்.  இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதைப் போட்டு, இழுத்து இறுக்கினேன். அப்போது என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"கரெக்ட் வெயிட்."

மணப்பெண் தலையை நிமிர்த்தாமல், "என்ன அண்ணி?" என்று கிசுகிசுத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். "இனிமே யாரு அழுதாலும் மாறாது."