கடிக்கு எதிர்ப்பக்கம்

பொய்ப்பல் செய்து பிழைப்பவர் என்பதால் ஊர் அவரைப் பல்லுக்காரர் என்றது. ஆனால் அவர் உயிர் பல்லில் இல்லை, பிழைக்காசில் இருந்தது. நாணய ஆலையில் அச்சடிக்கும்போதே கோணலாகப் பிறந்த காசு ஒரு ஜாதி, அதுதான் அசல். பிறகு கதவிடுக்கிலும் தண்டவாளத்திலும் சிக்கிக் கோணலான காசு வேறு ஜாதி. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. யார் எதை நீட்டினாலும் லென்ஸைக் கண்ணில் சொருகி, ஒரு திருப்பு திருப்பி, "அடிபட்டது" என்று கையில் கொடுத்துவிடுவார். "அசல்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

பழக்கம் முற்றிப் பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கையும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தார். கல்யாணப் போட்டோவில் மனைவி முறைப்பது பிறவிக்கோளாறு என்று கண்டுபிடித்துச் சொன்ன அன்று, சமையலைத் தானே செய்துகொள்ள வேண்டிவந்தது.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் வீட்டு சோபாவில் தான் காலை நீட்ட வேண்டும். அது முடியவில்லை. வேலை தேடி வந்த மச்சினன் வேலை கிடைத்த பிறகும் சோபாவை விட்டு எழவில்லை. அதன் இடது ஓரம் அவன் உடம்புக்கு ஏற்றபடி குழிந்தே போயிற்று. வீட்டுக்காரருக்கு வாய்த்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஆகவே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மச்சினனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தபோது, அவனைவிட அதிகம் மகிழ்ந்தவர் பல்லுக்காரர்தான். குறுக்கே நின்றவர் பெண்ணின் அப்பா. ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். சலூன் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடும் பிழைக்காசு சங்கத்தின் தலைவர். மாப்பிள்ளைக்குக் கண் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். அசல் பிழைக்காசு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தால் பெண்ணைத் தருவாராம்.

மச்சினன் தேடவில்லை. அத்தானின் பட்டறைக்குள் நுழைந்து, பல் அறுக்கும் சக்கரத்தில் ஒரு காசை வைத்து, எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஓரத்தில் அரைவட்டம் வெட்டிக்கொண்டு வந்தான்.

"பாருங்க அத்தான், ஆலையிலயே கடிச்சது."

பல்லுக்காரர் லென்ஸ்கூடப் போடவில்லை. "ஆலை கடிக்கலடா, நீ கடிச்சிருக்க. எதிர்ப்பக்கம் பாரு, விளிம்பு கல்லு மாதிரி நிக்குது."

தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போதே கடிபட்டிருந்தால், விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் கடிக்கு நேர் எதிரே அழுத்தம் கிடைக்காது, அங்கே விளிம்பு சப்பையாகத்தான் நிற்கும் என்று விளக்கினார். மச்சினன் கொட்டாவி விட்டபடி கேட்டான். சமையலறை வாசலில் நின்ற மனைவி மட்டும் ஒழுங்காகக் கேட்டாள்.

"அப்ப அந்தப் பக்கத்தையும் சப்பையாக்கிடுங்க. ஊருக்கெல்லாம் பல்லு பண்றீங்க, என் தம்பிக்கு ஒரு விளிம்பு பண்ண மாட்டீங்களா?"

பல்லுக்காரர் சோபாவைப் பார்த்தார். காசை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். எதிர்விளிம்பை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துத் தாழ்த்தி, ஓரத்து எழுத்தை மங்கவிட்டு, கடியின் கூர்மையை மழுக்கி, கடைசியில் பல் மெருகுப்பொடி போட்டுத் துடைத்தார். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

ஞாயிறன்று சங்கத்தில் தலைவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீசை துடித்தது. மச்சினனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டே விட்டார். டீ கொண்டுவந்திருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சும்மா முறைக்கு" என்று காசைப் பல்லுக்காரரிடம் நீட்டினார் தலைவர்.

அவர் லென்ஸைக் கண்ணில் சொருகினார். அங்கேதான் வந்தது வினை. லென்ஸ் ஏறிவிட்டால் அவருக்குச் சோபாவும் தெரியாது, சொந்தமும் தெரியாது.

"அடிபட்டது" என்றார். "எதிர்ப்பக்கம் பாருங்க, ஆலைக் காசு இப்படி மினுங்காது. பல்லுக்குப் போடுற பொடி இது. எவனோ பெரிய ஃபிராடு. ஆனா கை இருக்கே, தங்கமான கை."

சலூன்காரரின் கத்தரிக்கோல் நின்றது. எல்லோரும் பல்லுக்காரரின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். நகக்கண்ணில் வெள்ளையாகப் பொடி.

"அத்தான்" என்றான் மச்சினன், அழாத குறையாக.

தலைவர் கத்திய கத்தில் மேல்வரிசைப் பல்செட் நழுவி டீயில் விழுந்தது. அதைச் செய்தவரும் பல்லுக்காரர்தான் என்பதால், எடுத்துக் கழுவி மாட்டிவிட்ட பிறகே மிச்சத் திட்டையும் வாங்கிக்கொண்டார். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பொய்யையும் பண்ணிட்டு, அதைத் தானே பிடிச்சும் குடுக்குற குடும்பம் வேற எங்கப்பா கிடைக்கும்? நான் இவரைத்தான் கட்டிக்குவேன்."

"கட்டினா என் வீட்டுப் படி ஏறாதே."

அவள் ஏறவில்லை. பதிவுத் திருமணம் முடிந்ததும் ஒரு பெட்டியோடு பல்லுக்காரர் வீட்டுப் படி ஏறினாள். தனி வீடு கிடைக்கிற வரைக்கும்தான் என்றாள் மனைவி. புதுப்பெண் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் தலைவருக்கும் மகள் ஞாபகம் வந்துவிட்டது. தன் வீட்டுப் படியைப் பற்றித்தானே சொன்னேன் என்று அடிக்கடி வந்து பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பல்லுக்காரர் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று டீ குடித்தார்.

ஒரு மத்தியானம் மூவரும் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பிப் போனார்கள். கூடம் காலி. பல்லுக்காரர் மெல்ல சோபாவை நெருங்கினார். இடது ஓரத்தில் ஒரு குழி. நேர் எதிரே, வலது ஓரத்தில், பதமாக ஒரு சப்பை. கை தானாக லென்ஸைத் தேடியது. குனிந்து, இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்தார்.

"அசல்" என்றார்.

"உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

"அசலைப் போய் யாராவது தொடுவாங்களா?"

அவள் அந்தக் கல்யாணப் போட்டோ முறைப்பை முறைத்தாள். பிறகு தலையணையைத் தட்டிப் போட்டு, சோபாவின் நடுவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.