பக்கத்துத் தெருவைவிட உசந்த ரோடு

எங்கள் தெருவுக்குச் சங்கம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். அதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகராட்சியைத் திட்டுவோம். சங்கம் வந்த பிறகு சங்கத்தைத் திட்டினோம். பக்கத்திலேயே இருந்ததால் வசதியாக இருந்தது.

தலைவர் எதிர் வரிசையில் இருந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். தெருவில் தறி இல்லாத வீடு அவருடையது ஒன்றுதான். நாங்கள் தறியை விட்டு எழுந்தால் கூலி போகும். அவர் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். அப்படித் தலைவர் ஆனார். போட்டி இல்லை.

பொறுப்பில் பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்று விதியாம். நான் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடுவேன். அதனால் துணைச் செயலாளர் ஆனேன். கூட்டத்துக்கு டீ போடுவது என் வேலை. செயலாளர் யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

சங்கம் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டியூப் லைட் வந்தது. தலைவர் சுவிட்சைப் போட்டுத் திறந்து வைத்தார். குப்பைத்தொட்டி வந்தது. அதற்கும் ரிப்பன் கட்டி வெட்டினார். வெட்டின ரிப்பன்தான் தொட்டியில் விழுந்த முதல் குப்பை. ஒருமுறை தெருநாய் பிடிக்கிற வண்டியை வரவழைத்தார். நாய்கள் போயின. பிடித்ததும் வண்டி நிற்காமல் போய்விட்டது, ஒரு தேங்காய்கூட உடைக்க முடியவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பக்கத்துத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது.

எங்கள் தெருவில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் மண் ரோடு எங்களை ஒன்றும் செய்ததில்லை. ஆனாலும் வீட்டுக்கு ஓர் ஆள் தறியை நிறுத்திவிட்டு நகராட்சிக்குப் போனோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தோம். மறுபடியும் போனோம், மறுபடியும் உட்கார்ந்தோம். எங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலேயே ரோடு கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மேஸ்திரி கயிறு பிடிக்க வந்தார். தலைவர் குறுக்கே போய் நின்றார்.

"பக்கத்துத் தெருவுல இன்னா ஒசரம் போட்டீங்க?"

"ஒரு ஜாண் இருக்கும் சார்."

"அப்ப இங்க அதுக்கு மேல வரணும்."

"எதுக்கு சார்?"

"எதுக்கா? அவன் கீழ இருக்கணும்யா."

தெரு மொத்தமும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

எங்களுக்கு இருந்த கவலை வேறு. தெருவின் இரண்டு முனையிலும் கல் நட்டிருக்கும். விடிகாலையில் பாவு நூலை அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நீளமாக இழுத்துக் கட்டி, இழை பிரித்து, சீர் செய்துதான் தறிக்குக் கொண்டு போவோம். ரோடு போடுகிறவன் கல்லைப் பிடுங்கிவிடுவானோ என்று பயம். பக்கத்து வீட்டு அக்கா கல்லின்மேலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லத் தொட்டீங்க, கையி இருக்காது, ஆமா."

மேஸ்திரி கும்பிட்டுவிட்டுக் கல்லைச் சுற்றிச் சிமெண்ட் போட்டார். கல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம். வேறு எதையும் யோசிக்கவில்லை.

வேலை நடந்த நாள் எல்லாம் பெண்கள் முறை வைத்து ஆட்களுக்கு டீயும் பஜ்ஜியும் கொடுத்தோம். "கொஞ்சம் கெட்டியா போடுங்கண்ணா" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். கெட்டியாகவே போட்டார்கள். தின்ற பஜ்ஜிக்குத் துரோகம் செய்யாத ஆட்கள்.

ரோடு உயர்ந்து நின்றது. முன்பெல்லாம் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்குவோம். இப்போது ஏறினோம். ஏறுவது நல்லதுதானே என்று நினைத்தோம். தலைவர் மாலை போட்டுக்கொண்டு திறந்து வைத்தார். தெருமுனையில் அவர் பெயர் போட்ட கல் வேறு. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அன்று இரவு எல்லார் வீட்டிலும் சோறு இறங்கியது.

எங்கள் தெருவில் எல்லாம் குழித்தறி. தரையில் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். தெருவில் எத்தனை தறியோ அத்தனை குழி. தினமும் அதில்தான் காலை விட்டுக்கொண்டு இருக்கிறோம். தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்று குழந்தைக்கும் தெரியும். கூட்டம் கூட்டமாக நின்று ரோட்டை உயர்த்தச் சொன்னோம்.

அந்த ஐப்பசியில் எங்கள் தறியில் அரக்குக் கலர் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. பெண் வீடு கண்ணமங்கலம் பக்கம். கார்த்திகையில் முதல் முகூர்த்தம். தறியும் பாவும் எங்களுக்குக் கூலி கொடுக்கிற முதலாளியுடையவை. அவர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்.

"நாள் தப்பிச்சின்னா பாவ அறுத்து வேற வூட்டுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாதீங்க."

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு தறி. பாவு போனால் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும்.

மழை பிடித்தது. நான் கூடத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து, நாடாக்கட்டைக்குள் வைக்கிற குச்சியில் நூலை ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

"ஏம்மே, தண்ணி ஊத்திகினு இருக்கிறியா?"

"நான் தார் சுத்திகினு இருக்கேன்."

"அப்ப என் காலு ஏன் நனையுது?"

"ஒங்க காலைத்தான் கேக்கணும்."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் விட்டிருந்த செருப்புகள் மிதந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. பின்னால் தண்ணீர்.

தெரு முழுக்க இதே கதை. எல்லாரும் குழியிலிருந்து சொம்பால் மொண்டு ரோட்டில் ஊற்றினோம். ரோடு நடுவில் மேடு. ஊற்றின தண்ணீர் திரும்பி வந்தது. வேகமாக ஊற்றினால் மேட்டைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனது. எதிர் வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒன் தண்ணிய எங்கிட்ட ஏன்டி அனுப்புற?"

"என் தண்ணின்னு பேரு எழுதிகிதா?" என்று என் சார்பில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

தலைவர் வீட்டுக்கு உயரமான படிகள். மேல் படியில் குடையோடு நின்றார்.

"பாருங்க! ரோட்ல ஒரு சொட்டு நிக்குதா? அதான் தரம்!"

"நிக்காது தலைவரே" என்றாள் அக்கா. "அல்லாம் எங்க வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்துகினு இருக்குது."

நகராட்சிக்குப் போனோம். பழைய பெஞ்ச். அதிகாரி எங்களைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்கதானம்மா ஒசரமா கேட்டீங்க? புது ரோடு. தொடக்கூடாது. ஒடச்சா கேஸ் ஆயிடும்."

கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் பென்ஷனை நினைத்துக்கொண்டார். முகத்தில் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் வீட்டு வராந்தாவில் கூட்டம் மேல் கூட்டம் போட்டார். வராந்தா காய்ந்து சுத்தமாக இருந்தது. தண்ணீர்ப் பிரச்சினையை ஆராய ஒரு குழு போடலாம் என்றார். குழுவுக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னைப் பார்த்தார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நெய்தார். மிதிக்கட்டை ஊறிப் போனது. ஈரத்தில் பட்டு இழை தொய்ந்து, பத்து இழைக்கு ஓர் இழை அறுந்தது. அறுந்ததை முடிந்து ஓட்டுவதற்குள் பொழுது போனது. புடவையின் உடல் பாதியில் நின்றது, முந்தி முழுவதும் பாக்கி. முதலாளி வந்தார். துணியைத் தொட்டார். குழியைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் டீ கொடுத்துவிட்டு நான் வாயைத் திறந்தேன். சங்கத்தில் நான் பேசினது அதுதான் முதல் தடவை.

"அடுத்த கூட்டம் எங்க வூட்ல."

"ஏம்மா?"

"ஒங்க வூட்டுக்கே எல்லாரும் வராங்க. ஒங்களுக்கும் பேஜாரு."

மழை நாளாகப் பார்த்துக் கூப்பிட்டேன். வீட்டில் பத்துப் பேர் கொள்ளும் இடம் தறி அறைதான். தலைவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன், குழி ஓரமாக. மற்றவர்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. தறியை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் குழித் தண்ணீர் எம்பித் தலைவர் வேட்டியில் தெறித்தது.

"எதுக்கும் ஒரு முறைன்னு இருக்குது..." என்று ஆரம்பித்தார். தெறித்தது. "சட்டப்படி நாம..." மறுபடி தெறித்தது. காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். "யோவ், கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தினா முதலாளி பாவ அறுத்துடுவாரு தலைவரே" என்றார் இவர். குறுக்கே ஓடும் நாடாக்கட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரோட்டக் குறுக்கால வெட்டிவுட்டா தண்ணி எதிர்ச் சந்து வழியா பின்னால கீற கால்வாய்க்குப் பூடும்" என்றார் பின்னால் நின்றிருந்த ஒருவர்.

"யாரு வெட்டறது?"

தறிச் சத்தம் மட்டும் கேட்டது. கேஸ் என்றால் யார் தலையில் விழும் என்று ஒவ்வொருவரும் மற்றவர் தலையைப் பார்த்தார்கள்.

நான் தலைவர் கையில் டீயைக் கொடுத்தேன்.

"ஐயாதான் தொடங்கி வெக்கணும்" என்றேன்.

அவர் டீயைக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எப்பன்னு வெச்சிருக்கீங்க?"

"நாளைக்குக் காலீல. ராவுகாலம் போனதும்."

"மாலை எதுவும் வாணாம்" என்றார். "ஒரு துண்டு போதும்."

மறுநாள் கடப்பாரைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். எலுமிச்சம்பழம் அறுத்தோம். கற்பூரம் கொளுத்தினோம். தலைவருக்குத் துண்டு போட்டோம். கைதட்டினோம். அவர் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். அது எகிறித் திரும்பி வந்தது. ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கினோம். அந்த ரோட்டை உடைப்பது லேசில்லை. பார்த்துப் பார்த்துப் போட வைத்தது. கடப்பாரை துள்ளித் துள்ளி வந்தது. உள்ளங்கையில் எல்லாருக்கும் கொப்புளம்.

"கெட்டியா போடுங்கன்னு கேட்டவ எவடி அவ?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"நான்தான். இன்னா இப்போ?" என்று அக்கா ஜல்லிக் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். "ஜல்தியா போ. பேசிகினே நிக்காத."

உச்சி வெயிலுக்குள் நாங்கள் வெட்டின வாய்க்கால் சந்தைத் தாண்டிக் கால்வாயைத் தொட்டது. வாசலில் தேங்கியிருந்த தண்ணீர் நகர்ந்து போனது. குழியை மொண்டு காலி செய்து மணல் போட்டேன். தறிக்குக் கீழே கரி அடுப்பை வைத்து அனல் காட்டினேன். இழை மெல்ல இறுகியது. வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். வாய்க்காலுக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றார்.

"யாருங்க வெட்டினது?"

தலைவர் படியிறங்கி வந்தார். பின்வாங்குவார் என்றுதான் நினைத்தேன்.

"சங்கம் வெட்டுச்சி" என்றார்.

"சங்கம்னா யாரு?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது. எல்லாரும் தறியில். டீ டம்ளரைக் கழுவிக்கொண்டு நான் மட்டும் வாசலில் இருந்தேன்.

"துணைச் செயலாளர் கீறாங்க. கேளுங்க."

"நீயாம்மா வெட்டின?"

"ஆமா. நானும் வெட்டினேன்."

"வேற யாரு?"

நான் அடுத்த டம்ளரை எடுத்துக் கழுவினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு ஸ்கூட்டரை விட்டு இறங்கி வாய்க்காலைத் தாண்டித் தள்ளினார். தலைவர் பின்னால் பிடித்துத் தூக்கிவிட்டார். கேஸ் எதுவும் வரவில்லை.

உள்ளே போனேன்.

"யாரு அது?" என்றார் வீட்டுக்காரர்.

"யாரும் இல்ல. இன்னும் எவ்ளோ பாக்கி?"

"முந்தியில ஒரு முழம்."

முகூர்த்தத்துக்கு முன்னால் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தோம். முதலாளி விரித்துப் பார்த்தார். ஜரிகையை வெளிச்சத்தில் திருப்பினார். முடிச்சு இருந்த இடத்தை நகத்தால் தடவினார். புடவையை மடித்து எடுத்துக்கொண்டு, அடுத்த புடவைக்கான பட்டு நூலைத் தறிமேல் வைத்துவிட்டுப் போனார்.