இளவரசன் ஏறிய மரம்

காசிமேட்டுப் பக்கம் கட்டுமரம் பறிபோவது அதிசயமில்லை. அலை கொண்டுபோகும், புயல் கொண்டுபோகும், சில சமயம் கப்பல் மோதிச் சிதறும். எத்திராஜின் கட்டுமரத்தை ஒரு வாரப் பத்திரிகை கொண்டுபோனது. 1953ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு.

எத்திராஜுக்கு அப்போது இருபத்தைந்து வயது. கடலுக்குப் போகிறவன். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அவன் அப்பா ஓடவில்லை. கடலை விட்டு எங்கே ஓடுவது? காலியாகக் கிடந்த ராயபுரம் தெருக்களில் சுற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த சர்க்கார் நோட்டீசுகளை எழுத்துக் கூட்டியே அவன் படிக்கக் கற்றுக்கொண்டான். அதனாலோ என்னவோ, எதைப் படித்தாலும் ஊருக்கு அறிவிப்பது மாதிரிதான் படிப்பான். "அவள் மெல்ல முணுமுணுத்தாள்" என்ற வரியைக்கூடத் துறைமுகத்துக்குக் கேட்கிற மாதிரி கத்துவான்.

கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஞானதுரை அண்ணாச்சிக்கு உடன்குடிப் பக்கம் சொந்த ஊர். அவருக்குக் கணக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் கதை என்றால் உயிர். பத்திரிகை வாங்குவது அவர், படிப்பது எத்திராஜ் என்று இருவருக்கும் ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மீன் ஏலம் முடிந்து, கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் எத்திராஜ் அரிசி மூட்டைமேல் ஏறி உட்காருவான். கேட்க முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். பக்கத்தில் ஆப்பக்கடை போட்டிருந்த காத்தூன் பீவி அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவாள்.

கதையின் பெயர் 'சங்குத்தீவின் சாபம்'. ஏழு தீவுகள், ஒரு சங்கு சிம்மாசனம், அதைப் பிடுங்கிக்கொண்ட சித்தப்பா கோரகேது, விரட்டப்பட்ட இளவரசன் நீலசேனன். கோரகேதுவிடம் ஒரு மாயக்கண்ணாடி இருந்தது. இளவரசனின் கால் எந்த மண்ணில் பட்டாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்தொன்றாவது வாரம், காவலர்கள் நெருங்கி வந்த சமயத்தில், கதாசிரியர் இப்படி எழுதியிருந்தார்: 'கிழக்கு வெளுப்பதற்குள் இளவரசன் மரம் ஏறிவிட்டான். அதன் பிறகு மண் அவனைக் காணவில்லை.'

அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து கதை வேறு தீவுக்குப் போய்விட்டது. பாம்பு ராணி வந்தாள், பறக்கும் குதிரை வந்தது, இரண்டு யுத்தம் நடந்தது. நாற்பது வாரமாக இளவரசன் வரவில்லை.

எத்திராஜுக்கு அதில் குழப்பமே கிடையாது. விடிவதற்கு முன்னால் மரம் ஏறுவதென்றால் என்ன? குப்பத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போவது. அவனே தினமும் அதைத்தான் செய்கிறான். இளவரசன் கடலில் இருக்கிறான்.

ஞானதுரைக்கும் குழப்பம் கிடையாது. அவர் அப்பா பனையேறி. விடிவதற்கு முன்னால் மரம் ஏறுவதென்றால் பதநீர் இறக்கப் பனை ஏறுவது. இளவரசன் பனை உச்சியில் இருக்கிறான்.

நாற்பது வாரமும் இதே சண்டைதான்.

"அண்ணாச்சி, ரோசன பண்ணு," என்பான் எத்திராஜ். "மரத்துக்கு வேரு மண்ணுல கீது. கண்ணாடி வுடுமா? வேரப் புடிச்சிகினு மேல வந்து ஆளக் காட்டிக் குடுத்துராது? கடல்ல மண்ணு ஏது?"

"கடலுக்கு அடியில என்னவே இருக்கு? சோறா இருக்கு? மண்ணுதாம்லா!" என்பார் ஞானதுரை. "கால் பட்டாத்தான் கண்ணாடி காட்டும்னு நீருதான வாசிச்சீரு. பனையில இருக்கவன் கால் எங்கன மண்ணுல படும்?"

"அது இருக்கட்டும்," என்று நடுவில் புகுவாள் காத்தூன் பீவி. "நாப்பது வாரமா இன்னாத்த துன்றான் அந்தப் புள்ள? அதச் சொல்லுங்க ரெண்டு பேரும்."

"மீனு," என்பான் எத்திராஜ்.

"பச்சையாவா?"

"நுங்கு இருக்கு, பதநி இருக்கு," என்பார் ஞானதுரை.

"ஐப்பசி மாசத்துல ஏது நைனா நுங்கு?" என்று எத்திராஜ் கேட்க, கூட்டம் சிரிக்கும். "மாயத் தீவுல எல்லா மாசமும் காய்க்கும்வே" என்று ஞானதுரை சொல்ல, மறுபடியும் சிரிக்கும்.

சிரிப்போடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வாரம் பத்திரிகையில் ஒரு கட்டம் போட்டு, 'இளவரசன் எங்கே? அடுத்த இதழில்!' என்று அறிவித்துவிட்டார்கள். எத்திராஜ் அதைப் படித்ததும் கடை முன்னால் ஒரே இரைச்சல். யாரோ ஒருவன் எத்திராஜைச் சீண்டினான்: "நாப்பது வாரமா கப்ஸா வுட்டுகினு கீற. அடுத்த வாரம் தெரிஞ்சிபூடும், மாமு!"

எத்திராஜின் முகம் சிவந்துவிட்டது. மூட்டையிலிருந்து குதித்தான்.

"மரம்னா கட்டுமரம். இல்லன்னா, என் மரம் அண்ணாச்சிக்கு!"

ஞானதுரை கடைக்குள் திரும்பிப் பார்த்தார். அலமாரிமேல் அவருடைய ரேடியோ இருந்தது. அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். இத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்குவது எப்படி?

"மரம்னா பனைமரம். இல்லேன்னா இந்த ரேடியோ ஓமக்கு!"

எத்திராஜ் வீட்டுக்கு வந்து மனைவி குப்பம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள்.

"மரத்த வெச்சியா? எந்த மரத்த?"

"நம்ம மரத்த."

"யாருக்கோசரம்?"

"இளவரசனுக்கோசரம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கட்டுமரம் அவள் பிறந்த வீட்டார் கொடுத்தது. அதில் எத்திராஜோடு கடலுக்குப் போகிறவன் அவள் தம்பி பாஸ்கர். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த நாலு கட்டையை நம்பித்தான் எரிந்தது.

"எந்த ஊரு இளவரசன்யா அவன்? ஒரு தபா வந்து வல இழுத்துருப்பானா? அவனுக்கோசரம் என் அப்பன் குடுத்த மரத்த வெச்சிட்டு வந்து நிக்கிற!"

"தோக்க மாட்டேன் குப்பு. மரம் ஏறிட்டான்னு அச்சுல போட்டுக்கீது."

அவள் அதற்குமேல் பேசவில்லை. ஒரு வாரம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கடை முன்னால் நூறு பேருக்குக் குறையாது. கொடுங்கையூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். ஞானதுரை பத்திரிகையைப் பிரிக்காமலே கொடுத்தார். எத்திராஜ் பக்கத்தைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று சொல்லலாம். ஒரு வார்த்தையை மாற்றிப் படித்திருந்தால் அன்றைக்கு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு யோசனை அவனுக்கு வரவில்லை. வருவதற்குக் கதை அவகாசம் கொடுக்கவில்லை.

"புயலில் அந்த ஆலமரத்தின் உச்சிக் கிளை முறிந்தது," என்று கத்தினான். "நாற்பது வாரம் விழுதைப் பிடித்துத் தொங்கிய கைகள் நழுவின. இளவரசன் மண்ணில் விழுந்தான். அதே கணம் மாயக்கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கோரகேதுவின் அம்பு ஏழு கடல் தாண்டி வந்து..."

குரல் அங்கே நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

"வந்து? வந்து இன்னா ஆச்சி?" என்றாள் காத்தூன் பீவி.

"அவன் மார்பைத் துளைத்தது. சங்குத்தீவின் கடைசி இளவரசன் கண்களை மூடினான்."

முதல் முறையாக எத்திராஜ் ஒரு வரியை மெதுவாகப் படித்தான்.

தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று போய் முடிகிறவரை நூறு பேரும் அப்படியே நின்றார்கள். ஞானதுரை தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கர்த்தாவே," என்றார். "வே, தப்பா வாசிச்சிருப்பீரு. திரும்ப வாசியும்."

எத்திராஜ் திரும்பப் படித்தான். அம்பு திரும்பவும் வந்தது.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறையும் இளவரசன் விழுந்தான், செத்தான். ஒரு மீன்காரக் கிழவி "அய்யோ, எம்புள்ள" என்று வாயில் அடித்துக்கொண்டாள். கதை இன்னும் முடியவில்லை. கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. அதுதான் யாருக்கும் புரியவில்லை. செத்தவன் இல்லாமல் எது தொடரும்? பின்னாலிருந்து ஒருவன், கண்ணாடி பொய் சொல்லியிருக்கும், விழுந்தது வேறு ஆள் என்றான். "மூஞ்சி தெரிஞ்சிதுன்னு போட்டுக்கீதே" என்று இரண்டு பேர் அவனை அடக்கினார்கள்.

வெகுநேரம் கழித்துக் காத்தூன் பீவிக்குத்தான் ஞாபகம் வந்தது.

"எத்திராஜு," என்றாள். "அப்போ உன் மரம்?"

அவன் அவளையே பார்த்தான். அவள் எந்த மரத்தைச் சொல்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பத்திரிகையை விரித்தபடியே மூட்டைமேல் போட்டுவிட்டான். இளவரசன் கடலில் இல்லை. மரத்தில் இருந்திருக்கிறான். அண்ணாச்சி சொன்னபடி, வேர் விட்ட, இலை விட்ட, நிஜ மரத்தில்.

மறுநாள் காலையில் அவனும் பாஸ்கரும் கட்டுமரத்தைப் பிரித்து, நாலு கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிவந்து மளிகைக் கடை வாசலில் போட்டார்கள். சபையில் சொன்ன சொல். பாஸ்கர் அக்கா புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எத்திராஜுக்கு இருந்தது. ஞானதுரை வெளியே வந்து பார்த்தார். அவர் கண் வீங்கியிருந்தது.

"இத வச்சி நான் என்னவே செய்ய?"

"தெர்ல அண்ணாச்சி. சொன்னேன், குடுத்துட்டேன்."

இருவரும் கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்க இருவருக்கும் கூச்சம். அப்போது தெருமுனையில் குப்பம்மா வந்தாள். மீன் விற்ற தெருவெல்லாம் அந்தக் கதையையே கேட்டு வந்தவள், கூடையை இறக்கி வைத்தாள். பேசாமல் இருந்த வாரம் முடிந்துவிட்டது என்று எத்திராஜுக்குத் தெரிந்துபோயிற்று.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். எங்க வூட்டுக்காரு இன்னா சொல்லிப் பந்தயம் கட்டுனாரு?"

"மரம்னா கட்டுமரம், இல்லன்னா தம் மரம் எனக்குன்னாரு."

"அப்பால நீ இன்னா சொன்ன?"

"மரம்னா பனைமரம். இல்லேன்னா..." ஞானதுரை நிறுத்தினார்.

"வந்தது இன்னா மரம்?"

"ஆலமரம்," என்றாள் காத்தூன் பீவி, ஆப்பச்சட்டியைக் கையில் பிடித்தபடியே.

நூறு பேர் கேட்டிருந்தார்கள். மூன்று முறை கேட்டிருந்தார்கள். இளவரசன் செத்த அதிர்ச்சியில் அவன் எந்த மரத்திலிருந்து விழுந்தான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஞானதுரை உள்ளே போய் ரேடியோவைத் தூக்கிவந்து கட்டைகள்மேல் வைத்தார்.

"அம்மா சொல்லுதது சரிதான். நானும்லா தோத்துட்டேன். எடுத்துக்கிடுங்க."

குப்பம்மா ரேடியோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வூட்ல கரண்டு இல்ல. உன் கடையில கடல் இல்ல. உன்னுத நீ வெச்சிக்க, எங்குளுத நாங்க எடுத்துகினு போறோம். இன்னா சொல்ற?"

ஞானதுரை தலையாட்டினார். பாஸ்கர் அதற்குள் முதல் கட்டையைத் தோளில் ஏற்றியிருந்தான்.

எத்திராஜ் இரண்டாவது கட்டையின் பக்கம் குனிந்தான். குப்பம்மா நகரவில்லை. கூடையைத் தலையில் வைக்கப்போனவள் கீழேயே வைத்துவிட்டாள்.

"ஏய்யா, நெஜமாவே செத்துட்டானா அவன்?"

"ம்."

"நாப்பது வாரம் தொங்கினு இருந்துட்டா?"

"ம்."

"கீழ ஒருத்தரும் இல்லியா, புடிக்க?"

"ஒருத்தரும் இல்ல குப்பு."

அவள் கடைக்குள் பார்த்தாள். அரிசி மூட்டைமேல் பத்திரிகை அந்தப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. அதில் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"எழுதுனவன் வூடு எங்க கீது? சொல்லு, கெளம்பு."