முடிக்காமல் வைத்த ஓடைக்குப்பம்

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் பகல் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஜாக்குலினுக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. ஊர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் ஒரு தமிழ் விக்கியில், பாதியில் நின்ற பக்கங்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. நம் ஜனங்களுக்குத் தொடங்குகிற சுறுசுறுப்பு முடிப்பதிலும் இருந்தால் அவளுக்கு வேலையே இருந்திருக்காது. ‘எங்கள் ஊர் அழகான ஊர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட பக்கத்தின் தலையில் ‘குறுங்கட்டுரை, விரித்தெழுதவும்’ என்று ஓர் அறிவிப்பை மாட்டுவாள். ஒரு வருடம் யாரும் தொடவில்லை என்றால் ஈவிரக்கம் பார்க்காமல் நீக்கிவிடுவாள்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அவள் கள்ளத்தனம் செய்தாள். மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஓடைக்குப்பம் பற்றி அவளே தொடங்கிய பக்கம் அது. மாதா கோயில் ஊருக்கு வடக்கே என்று தெரியாமல் எழுதிவிட்டாள். மறுநாள் ‘உப்புக்காற்று’ என்ற புனைபெயரில் யாரோ திருத்தியிருந்தார்கள். “வடக்கே இல்லக்கா, தெற்கே.”

அன்றிலிருந்து பக்கத்தின் பின்னால் இருக்கும் உரையாடல் பகுதியில் பேச்சு வளர்ந்தது. இன்றைக்கு வலையில் என்ன விழுந்தது, அலை எதுவரை ஏறியது, கடைசியில் “சாப்ட்டீங்களா அக்கா?” அம்மா போன பிறகு அவளை அப்படிக் கேட்க ஆள் இல்லை. பக்கம் முடிந்துவிட்டால் இவர் எதற்கு வரப் போகிறார்? ஜாக்குலின் வேண்டுமென்றே தப்பு எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தைத் தூக்கித் தெருவின் அந்தப் பக்கம் வைத்தாள். காலையில் நடக்கும் மீன் ஏலத்தை மாலைக்கு மாற்றினாள். உப்புக்காற்று சலிக்காமல் வந்து திருத்தினார்.

போன மழைக்காலத்தோடு அவர் வருவது நின்றது. அவள் கடைசியாகப் போட்ட பொய்களோடு பள்ளிக்கூடம் தப்பான இடத்திலேயே கிடந்தது.

இன்னொரு பொறுப்பாளரான மதுவந்தி எழுதினாள்: “அக்கா, ஓடைக்குப்பத்தை ஒரு வருஷமா யாரும் தொடல. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க, இல்லன்னா எடுத்துடறேன்.” அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. விதி ஜாக்குலின் போட்டதுதான். ஆனால் பக்கம் போனால் அதன் பின்னாலிருக்கும் பேச்சு மொத்தமும் போய்விடும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். ஓடைக்குப்பத்து டீக்கடையில் இருந்த செங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யார் வூட்டுக்கும்மா வந்துகீற?”

“இந்த ஊரப் பத்திக் கம்ப்யூட்டர்ல எழுதுவாங்களே, ஒருத்தங்க...”

“பேரு இன்னா?”

“தெரியாதுங்க.”

“ஆம்பளையா, பொம்பளையா? அதுனா தெரியுமா?”

அதுவும் தெரியாது. இத்தனை நாள் பேச்சில் அவள் கேட்கவே இல்லை.

“இன்னாம்மா நீ. மழைக்கப்புறம் எவ்ளோ பேரு வேல தேடி வெளியூரு பூட்டாங்க. அதுல யாருன்னு நான் சொல்றது?” என்றபடி செங்கம்மாள் டீயை நீட்டினாள். ஜாக்குலின் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காசு கொடுத்தாள்.

ஊரைச் சுற்றி வந்து மாதா கோயில் படியில் உட்கார்ந்தாள். போனில் ஒவ்வொரு பொய்யாகத் திருத்தினாள். தெரிந்ததையெல்லாம் எழுதினாள், படம் ஏற்றினாள், குறுங்கட்டுரை அறிவிப்பை எடுத்தாள். முடித்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. விக்கியில் அவளும் ‘குன்றிமணி’ என்ற புனைபெயரில்தான் எழுதினாள். என்றைக்காவது அவர் செங்கல்பட்டுக்கு வந்து தேடினால், அவரும் இப்படித்தான் ஒரு டீக்கடையில் விழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

உரையாடல் பகுதியைத் திறந்து எழுதினாள்:

“பக்கம் முடிந்துவிட்டது. இனி இங்கே திருத்த எதுவும் இல்லை. சும்மா வாருங்கள். என் பெயர் ஜாக்குலின். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு எதிரே மருந்துக் கடையில் இருப்பேன்.”