கரிமங்கல்யம் என்று சொன்னார்கள்

முதலில் அதை வெயில்பட்ட கறுப்பு என்றுதான் நினைத்தேன். இரண்டாவது பையன் பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் தவிட்டு நிறத்தில் ஒரு படலம். வலிக்காது, அரிக்காது. பயத்தமாவு தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு மங்கு என்று பெயர். (டாக்டர்கள் மெலாஸ்மா என்கிறார்கள். பிள்ளைப்பேறு, வெயில், சில மாத்திரைகள் இவற்றால் முகத்தில் கறுப்பு படிவது.)

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வத்தல் மொத்தக்கடையில் கிட்டங்கிப் (சரக்கு அடுக்கும் இடம்) பொறுப்பு. நாள் முழுக்க மிளகாய் நெடியில் நின்று அவருக்கு ஓர் இருமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அந்த இருமலை நான் கேட்ட மாதிரி அவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

கீழ்வீட்டு ரமா சேச்சி ஒருநாள் குழாயடியில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"வசந்தே, இது கரிமங்கல்யமாணு. நோக்கிக்கோ, இனியும் படரும்."

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மலையாளம் காதில் ஏறியிருந்ததே தவிர, எல்லாச் சொல்லும் பிடிபடாது. மங்கல்யம் என்றால் எனக்குத் தாலி. கரி என்றால் கரிந்து போனது. அது என் கன்னத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, இனியும் படரும் என்கிறாள். அவளிடமே அர்த்தம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, அவள் ஆமாம் என்றுவிட்டால்? அதனால் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் இருமிக்கொண்டே படியேறி வந்தார். ஒவ்வொரு இருமலுக்கும் என் கை கன்னத்துக்குப் போயிற்று.

தம்பானூரில் ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. அங்கே போனால் மங்கு ஒரேயடியாகப் போய்விடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம், அதில் அரசாங்க முத்திரை. மலையாள எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரை தெரியுமே. அந்தப் பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள்.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டேன்.

"லைசன்ஸ் உண்டு சேச்சி. பேடிக்கேண்டா." பயப்பட வேண்டாமாம்.

நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறு என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. உண்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். அவள் செய்தது கெமிக்கல் பீல் (அமிலம் தடவி மேல்தோலை உரிய வைப்பது). வலது கன்னத்தில் முதலில் தடவினாள். மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருந்தது.

"எரியுது, எரியுது."

"அது வேல செய்யுன்னதாணு சேச்சி."

அடுத்த கன்னத்துக்கு விடாமல் எழுந்துவிட்டேன். கண்ணாடியில் அந்த இடம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் சிவந்தது. பிறகு கறுத்து, பொருக்கு வெடித்து, நீர் வடிந்தது. முந்தானையால் மறைத்துப் பார்த்து, காய்ச்சலும் வந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். என் முகத்தைத் துண்டால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தோல் பிரிவு டாக்டரம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆரு செய்தது இது?"

"பார்லர்ல, டாக்டர். அவங்களுக்கு லைசன்ஸ் இருக்கு."

"லைசன்ஸ் கடைக்கு, அம்மா. ஆசிடுக்கு இல்ல. புருவம் எடுக்கலாம், முகம் கழுவி மசாஜ் பண்ணலாம், அது அவங்க ஜோலி. தோலைச் சுடுறது அவங்க ஜோலி இல்ல. எந்த ஆசிட், எத்ர சதவீதம்னு கேட்டீங்களா?"

நான் எதைக் கேட்டேன்? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதைக்கூடப் பாராமல் கேட்டுவிட்டேன்.

"கரிமங்கல்யம் போயிடும்ல? இவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "மலையாளத்துல மங்குக்கு அதுதான் பேரு. தாலிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பேரு மட்டும்தான், அம்மா."

என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

"ஏட்டி, எனக்காகவா மூஞ்சியக் கருக்கிட்டு வந்த? நான் என்ன படமா தொங்குதேன்? ஆளு முன்னால நிக்கேன்லா?"

"இருமுறவங்கள முதல்ல நெஞ்சு காட்டச் சொல்லுங்க," என்றார் டாக்டர். காட்டினோம். தூசியால் வந்த ஒவ்வாமைதான். முகத்தில் துணி கட்டச் சொன்னார்கள், கட்டினார், குறைந்தது. என் கன்னம் அப்படிக் குறையவில்லை. களிம்பு, மாத்திரை, வெயில் படக்கூடாது, பொருக்கை உரிக்கக்கூடாது, இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும். சின்னவன் என் முகத்தைப் பார்த்து அழுதான். பொருக்கு விழுந்த இடத்தில் வழுவழுவென்று வெள்ளைத் தழும்பு வந்தது. இடது கன்னத்து மங்கு மட்டும் போகாமல் அப்படியே இருந்தது.

அவர் கார்ப்பரேஷனில் போய்க் கேட்டார். கடைக்கு லைசன்ஸ் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். கொடுக்கும்போது எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். தண்ணீர் போகிற வழி, குப்பை, கக்கூஸ். "வேல செய்யுத கையப் பாக்க மாட்டாவளாம்," என்றார் என்னிடம். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான்தான் அந்தக் காகிதத்தைச் சுவரில் பார்த்தபடியே இருக்கிறேன், எந்தச் சுவரானாலும்.

இதே மங்கோடு இருக்கும் பெண்கள் இதை வாசிக்கலாம். அவர்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஆனால் நாற்காலியில் சாய்வதற்கு முன் கேளுங்கள். என்ன படித்தீர்கள்? இது என்ன மருந்து? புண்ணானால் என்னைப் பார்க்கப்போவது யார்? கேட்டதற்குப் பதில் வராமல் வேறு பதில் வந்தால் எழுந்துவிடுங்கள். எதிரே இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் அதையும் கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கண்ணின் ஓரத்திலும் இடது கன்னத்திலும் சுருக்கம் விழத் தொடங்கியிருக்கிறது. வலது கன்னத்தில் அந்த இடத்தில் மட்டும் விழவில்லை. வேர்க்கவும் வேர்க்காது. நெற்றியிலிருந்து இறங்கும் வேர்வை அதைச் சுற்றிக்கொண்டு போகும். முகத்தின் அந்தப் பாகம் என்னோடு சேர்ந்து வயதாக மறுத்துவிட்டது.

அவர் வர நேரமானால் அந்த இடத்தில் சூடு ஏறுகிறது. பெயர்தான் அது, பெயர் மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். படியில் செருப்புச் சத்தம் கேட்கும். உள்ளே வந்து சட்டையைக் கழற்றுவார், காப்பி கேட்பார். என் கை, நெஞ்சு, முகத்தின் மீதிப் பாகம் எல்லாம் அடங்கிவிடும். அந்த இடம் மட்டும் அவர் இன்னும் வரவில்லை என்பது போலக் காத்துக்கொண்டிருக்கும்.