கடைசிப் பெட்டி நிற்கும் இடம்

அந்த ஸ்டேஷனில் ரயில் நிற்கும், ஆள்தான் ஏறாது. தெருமுனையிலேயே பஸ் கிடைக்கும்போது பாலம் ஏறி இறங்கி எவன் மூச்சு வாங்குவான்? டிக்கெட் கொடுப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிளாட்பாரம் கூட்டுகிற அம்மாளுக்கு மட்டும் வேலை குறையவில்லை. பயணிகள் வராவிட்டாலும் சருகுகள் தவறாமல் வந்தன.

அவள் வாய்க்குப் பயந்தே அக்கம்பக்கத்தார் ஒதுங்கிப் போவார்கள். அந்த வாய்தான் அவள் குடியையும் கெடுத்தது. ஒரே மகன் ரயிலில் கார்டு. தனக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். புதுப்பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போடா" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். கோபம் ஆறியதும் வருவான் என்று நினைத்தாள். ரோஷத்தில் அவனும் அவளை உரித்து வைத்திருந்தான். போனவன் போனவன்தான்.

ஆனால் கார்டு வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டி நின்றதும் கடைசிப் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பிளாட்பாரத்தைப் பார்த்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். அங்கே பார்ப்பதற்கு அவளை விட்டால் வேறு யார்? காலை வண்டிக்கு, கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் துடைப்பத்தோடு நிற்பாள். அவன் உர்ரென்று பார்ப்பான். இளைத்திருக்கிறானா, சவரம் செய்திருக்கிறானா என்று அவள் கண் மேயும். ஊரையே வாங்கு வாங்கென்று வாங்குகிற வாய் அப்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று கூட்டப் போய்விடுவாள். அப்படியே வருஷங்கள் ஓடின.

இனி அங்கே வண்டி நிற்காது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அவளுக்கு வேலை போகவில்லை, வேறு ஸ்டேஷனுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் அது வேறு தடம், மகன் வண்டி அந்தப் பக்கமே போகாது. அவன் வீடு எங்கே என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கடைசி வண்டிக்கு முந்தின நாள் டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டாள்: "வீட்டுக்கு வாடான்னு சொன்னா வருவானா, சார்?"

"மருமகளையும் கூட்டிட்டு வான்னு சொல்லும்மா. வருவான்."

மறுநாள் பார்த்து ஊரே திரண்டு வந்துவிட்டது. இத்தனை காலம் எட்டிப் பார்க்காத ஜனம், இன்றோடு சரி என்றதும் போனும் கையுமாகப் படம் எடுக்க வந்து நின்றது. வெட்கம் கெட்ட பாசம்! யாரோ படிக்கட்டில் காப்பியைக் கொட்டிவிட, அதிகாரி அவளைத் துடைக்க விரட்டினார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். "வழி விடுங்கய்யா, என் பிள்ளைகிட்ட போகணும்" என்று கெஞ்சினாள். "இரும்மா, நாங்களும்தான் படம் எடுக்கணும்" என்றான் ஒருவன்.

தோள்களுக்கு நடுவே மகன் தெரிந்தான். ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், அவன் மணி அடிக்கவில்லை. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தான். பிளாட்பாரம் முழுக்கத் தேடினான். திரும்பவும் அந்த இடத்தையே பார்த்தான்.

"தம்பி, இங்க இருக்கேன்டா" என்று கத்தினாள். ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மணியை அடித்தான். கடைசி நாள்கூட அம்மா வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போனான்.